வண்டலோடு முதிர்ந்ததா, கார்க்கின் கீழ் முதிர்ந்ததா? பழைய விண்டேஜ் ஷாம்பெயினில் எதை வாங்கலாம்

ஒரே வருடம், ஒரே தோட்டங்கள், ஒரே நிறுவனம். ஆனாலும் 2002 என்று அச்சிட்ட இரண்டு பாட்டில்களைத் திறந்து அடுத்தடுத்து ஊற்றினால், இரண்டிலும் இருப்பது ஒரே ஒயின்தான் என்று பலர் நம்ப மாட்டார்கள். லேபிளில் உள்ள வருடம் திராட்சை பறித்த வருடத்தை மட்டுமே சொல்கிறது. அந்த ஒயின் தன் வயதை எந்த நிலையில் கழித்தது என்பது அதில் இல்லை. பழைய விண்டேஜ், அதாவது ஒரே வருட அறுவடையில் செய்த ஷாம்பெயினுக்குப் பெரிய தொகை கொடுக்கப் போகிறவர் முதலில் கேட்க வேண்டியது அதைத்தான் என்பேன்.

காரணம் ஷாம்பெயின் செய்யும் முறையிலேயே இருக்கிறது. முதல் நொதிப்பு முடிந்த ஒயினைப் பாட்டிலில் ஊற்றி, லிட்டருக்குச் சுமார் 24 கிராம் சர்க்கரையும் ஈஸ்ட்டும் சேர்த்து மூடிவிடுவார்கள். ஈஸ்ட் அந்தச் சர்க்கரையைத் தின்று முடிக்கும்போது உள்ளே சுமார் ஆறு வளிமண்டல அழுத்தம் சேர்ந்திருக்கும். செத்த ஈஸ்ட் வண்டலாகப் படியும். விண்டேஜ் ஷாம்பெயினைக் குறைந்தது மூன்று வருடம் பாட்டிலில் வைத்த பிறகுதான் விற்க வேண்டும் என்பது சட்டம். நல்ல நிறுவனங்கள் ஏழு, எட்டு வருடம்கூட வைக்கின்றன. அப்புறம் ஒருநாள் பாட்டிலைத் தலைகீழாக்கி, கழுத்தை உறைய வைத்து, வண்டலைப் பனிக்கட்டியோடு வெளியே தள்ளிவிட்டு, கொஞ்சம் இனிப்பு ஒயின் ஊற்றி, கார்க் போடுகிறார்கள். இந்த வண்டல் நீக்கம் நடக்கும் நாள்தான் அந்த ஒயினின் வாழ்க்கையை இரண்டாகப் பிரிக்கிறது.

அதுவரை நடப்பது வண்டலோடு முதிர்வது. செத்த ஈஸ்ட் செல்கள் தம் நொதிகளாலேயே மெல்லச் சிதைந்து அமினோ அமிலங்களையும் புரதங்களையும் ஒயினுக்குள் விடுகின்றன. வாயில் உணரும் வழவழப்பும், புளித்த மாவு, பேக்கரியில் அப்போது பிட்ட ரொட்டியின் உள்பகுதி போன்ற வாசனைகளும் இப்படி வருபவை. அதே வண்டல், உள்ளே கசியும் ஆக்சிஜனையும் உறிஞ்சிக்கொள்கிறது. அதனால் வண்டலோடு கிடக்கும் ஒயினுக்கு வயது மெதுவாகத்தான் ஏறும்.

கார்க் போட்ட பிறகு அந்தக் காவல் இல்லை. வண்டல் நீக்கும்போது நுழைந்த காற்றும், கார்க் வழியாக ஆண்டுக்கணக்கில் துளித்துளியாக வரும் காற்றும் வேலையைத் தொடங்குகின்றன. சேர்த்த சர்க்கரையும் ஈஸ்ட் விட்டுச் சென்ற அமினோ அமிலங்களும் ஒன்றோடொன்று வினைபுரிகின்றன. ரொட்டியின் மேல்பகுதியைப் பழுப்பாக்குவதும், வறுக்கும் காபிக்கொட்டைக்கு மணம் தருவதும் இதே மையார் வினைதான். அடுப்பில் நிமிடங்களில் முடிவது நிலவறைக் குளிரில் பல வருடம் எடுக்கும். வறுத்த பாதாம், காபி, கேரமல், தேன் எல்லாம் பெரும்பாலும் இந்தக் கட்டத்தின் மணங்கள். சுவைக் குறிப்புகளில் இரண்டு கட்டங்களையும் சேர்த்து 'டோஸ்ட்' என்று எழுதிவிடுகிறார்கள். முதலாவது ரொட்டியின் உள்பகுதி, இரண்டாவது அதன் கருகிய ஓரம். இந்த வித்தியாசம் மூக்குக்குப் பிடிபட்டுவிட்டால் பழைய ஷாம்பெயினை அடையாளம் காண்பதில் பாதி வேலை முடிந்தது.

போலிஞ்சர்: ஒரே ஒயினின் இரண்டு வயது

இதை ஒப்பிட்டுப் பார்க்க மிகச் சரியான ஜோடி பிரான்சின் ஆயி ஊரில் இருக்கும் போலிஞ்சர் நிறுவனத்திடம் கிடைக்கிறது. அவர்களுடைய விண்டேஜ் ஷாம்பெயின் 'லா க்ராந்த் அனே'. அதே ஒயினின் ஒரு பகுதியை வண்டலோடு இன்னும் பல வருடம் விட்டுவைத்து, விற்பதற்குச் சற்று முன்பு வண்டல் நீக்கி 'ஆர்.டி.' என்ற பெயரில் வெளியிடுகிறார்கள். அண்மையில் வண்டல் நீக்கியது என்பதற்கான பிரெஞ்சுச் சொற்களின் முதலெழுத்துகள் அவை. கணவர் இறந்த பிறகு நிறுவனத்தை நடத்திய லில்லி போலிஞ்சரின் யோசனை இது. 1952 அறுவடை 1967இல் ஆர்.டி.யாக வெளிவந்தது. இரண்டிலும் பினோ நுவார் என்ற கறுப்புத் திராட்சைதான் முன்னால் நிற்கும், இரண்டும் பழைய ஓக் பீப்பாய்களில் நொதித்தவை. வண்டலோடு கிடக்கும் காலத்தில்கூட மற்றவர்கள்போல் உலோக மூடி போடாமல் கார்க்தான் போடுகிறார்கள்.

2002ஐ எடுத்துக்கொள்வோம். முன்பே வண்டல் நீக்கி, பத்து வருடத்துக்கு மேல் குளிர்ந்த அறையில் படுத்திருந்த லா க்ராந்த் அனே ஒரு பக்கம், பின்னாளில் வண்டல் நீக்கிய ஆர்.டி. இன்னொரு பக்கம். முதலில் தெரிவது நிறம்தான். லா க்ராந்த் அனே நன்றாகப் பொன்னிறத்துக்கு வந்திருக்கும். ஆர்.டி. அதைவிட வெளிறியே நிற்கும். முகர்ந்தால் முதலாவதில் உலர்ந்த ஆப்ரிகாட், தேன், வறுத்த ஹேசல்நட், அடியில் கொஞ்சம் காளான். இரண்டாவதில் எலுமிச்சைத் தோல், ஆப்பிள், ரொட்டி, சுண்ணாம்புக் கல் நனைந்த வாசனை. கொட்டைகளின் மணம் அதிலும் வரும், ஆனால் கோப்பையில் கால் மணி நேரம் இருந்த பிறகுதான். வாயில் வைத்தால் வித்தியாசம் இன்னும் பெரிது. லா க்ராந்த் அனே அகலமாகப் பரவி, குமிழிகள் மென்மையாகி, கிட்டத்தட்ட ஒரு நல்ல வயதான பர்கண்டி வெள்ளை ஒயினின் நடைக்கு வந்திருக்கும். ஆர்.டி. நேர்கோடாக ஓடி, உப்புச்சுவையோடு முடியும். ஆர்.டி.க்கு இனிப்பு மிகக் குறைவாகவே சேர்க்கிறார்கள் என்பதும் இதில் பங்கு வகிக்கிறது. சர்க்கரை குறைந்தால் மையார் வினைக்கும் தீனி குறைவுதானே.

என் தேர்வு? கார்க்கின் கீழ் வயதான லா க்ராந்த் அனே. பழைய ஷாம்பெயினைத் தேடிப் போவதே காலம் ஒயினுக்குள் என்ன செய்தது என்று சுவைக்கத்தான். ஆர்.டி. காலத்தைத் தடுத்து நிறுத்திய விதம் வியப்புக்குரியது, ஆனால் அதில் வியக்கிற அளவுக்கு மனம் நெகிழ்வதில்லை. ஒரு நிபந்தனை மட்டும் உண்டு. லா க்ராந்த் அனே எங்கே, எந்த வெப்பத்தில் இருந்தது என்பது உறுதியாகத் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் யோசிக்காமல் ஆர்.டி. பக்கம் போய்விடுங்கள். அது விற்பனைக்கு வரும்வரை தயாரித்தவரின் நிலவறையை விட்டு வெளியே வராத பாட்டில்.

டோம் பெரின்யோனும் அதன் பி2வும்

டோம் பெரின்யோனின் கணக்கும் இதேதான், ஆனால் ருசி வேறு திசையில் போகிறது. விண்டேஜாக மட்டுமே வரும் ஷாம்பெயின் இது. முதல் அறுவடை 1921, விற்பனைக்கு வந்தது 1936. ஷார்தொனே என்ற வெள்ளைத் திராட்சையும் பினோ நுவாரும் ஏறக்குறைய சரிபாதி. முதல் வெளியீட்டுக்குப் பிறகு, வண்டலோடு மொத்தம் பதினைந்து வருடம் போல வைத்து பி2, கால் நூற்றாண்டு போல வைத்து பி3 என்று மறுபடி வெளியிடுகிறார்கள். முன்பு இவற்றுக்கு எனோதெக் என்று பெயர். 1990 முதல் 2018 வரை தலைமை ஒயின் கலைஞராக இருந்த ரிஷார் ஜோஃப்ருவா, ஷாம்பெயின் சீராக ஏறும் சரிவில் முதிர்வதில்லை, குறிப்பிட்ட கட்டங்களில் முழுமை அடைகிறது என்ற கருத்தை வலியுறுத்தியவர். பி என்ற எழுத்து அந்த 'முழுமை'யைத்தான் குறிக்கிறது.

இங்கே நான் பி2 பக்கம் நிற்கிறேன். 2002 முதல் வெளியீடு ஆரம்பத்திலிருந்தே பழுத்த, கவர்ச்சியான ஒயின். கார்க்கின் கீழ் வயதாகும்போது அந்தப் பழுத்த தன்மையோடு காபியும் கேரமலும் சேர்ந்துகொள்ள, சில பாட்டில்கள் கனத்துவிடுகின்றன. பி2வில் அதே பழம் இறுகி, புகை மணமும் உப்பும் முன்னுக்கு வந்து, நடுவாயில் விறைப்பு இருக்கிறது. தாராளமாகப் பிறந்த ஒயினுக்கு வண்டலின் கட்டுப்பாடு நல்லது. போலிஞ்சருக்கு ஒரு தீர்ப்பும் இதற்கு வேறு தீர்ப்பும் சொல்வது முரண் இல்லை. எந்தப் பாதை சிறந்தது என்பதை அந்தந்த ஒயினின் உடல்வாகுதான் முடிவு செய்கிறது.

ஆனால் பி2, ஆர்.டி. போன்றவற்றை வாங்கி மறுபடி பத்து வருடம் பூட்டிவைப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். வண்டல் நீக்கும் கணத்தில் ஒயினுக்கு ஆக்சிஜன் அதிர்ச்சி ஒன்று நேர்கிறது. இளம் ஒயின் அதைத் தாங்கிக்கொண்டு வளர்கிறது. பல வருடம் காற்றே படாமல் இருந்த முதிய ஒயினுக்கு அந்தத் தெம்பு குறைவு. பெரும்பாலானவை வண்டல் நீக்கிய சில வருடங்களில் மிக அழகாக இருக்கும், அதற்குப் பிறகு எதிர்பார்த்ததைவிட வேகமாகச் சரியும். பிள்ளை பிறந்த வருடத்துப் பாட்டிலை அதன் கல்யாணத்துக்குத் திறக்க வேண்டும் என்றால் முதல் வெளியீட்டை, அதுவும் முடிந்தால் மேக்னமாக வாங்குங்கள். மேக்னத்தில் ஒயின் இரண்டு மடங்கு, கழுத்தில் இருக்கும் காற்றோ ஏறக்குறைய அதே அளவு.

குமிழிகள் பற்றி ஒரு வார்த்தை. பழைய ஷாம்பெயினில் குமிழிகள் நுண்ணியதாக இருப்பதைத் தரத்தின் அடையாளமாகப் பலர் நினைக்கிறார்கள். ரேன்ஸ் பல்கலைக்கழக இயற்பியலாளர் ஜெரார் லிஜெர்-பெலேர் இதைப் பல வருடமாக ஆராய்ந்துவருகிறார். வயதாக ஆகக் கார்க் வழியாகக் கரியமில வாயு கசிகிறது, கரைந்திருக்கும் வாயு குறைந்தால் குமிழியும் சிறிதாகிறது. நுண்ணிய குமிழி வயதின் அடையாளம். அது நல்ல ஒயினா என்பது வேறு கேள்வி.

ஷார்தொனேயா, பினோவா

ஷார்தொனே மட்டும் கொண்ட ஷாம்பெயின்கள் இளமையில் கஞ்சத்தனமாக இருக்கும். லெ மெனில்-சூர்-ஓஜெ கிராமத்தின் சலோன் இதற்கு உச்ச உதாரணம். ஒரே கிராமம், ஒரே திராட்சை, நல்ல வருடங்களில் மட்டும் தயாரிப்பு. வெளியான புதிதில் புளிப்பும் சுண்ணாம்பும் தவிர அதிகம் கிடைக்காது. இருபது வருடத்தில் வறுத்த கொட்டை, வெண்ணெய், எலுமிச்சை ஊறுகாயை நினைவூட்டும் ஒரு ஆழம் என்று வரிசையாகத் திறக்கும். பினோ நுவார் அதிகமுள்ளவை சீக்கிரமே பேசத் தொடங்கும், வயதில் காளான், தோல், மசாலா பக்கம் போகும். பொறுமை இருப்பவருக்கு ஷார்தொனேதான் அதிகம் திருப்பித் தருகிறது என்பது என் அனுபவம். பத்து வருடத்துக்குள் குடிக்கப் போகிறீர்களா, பினோ.

மிகவும் பழையதில் வேறொரு மணமும் எட்டிப்பார்க்கும். வெந்தயத்துக்கு அதன் மணத்தைத் தரும் சோட்டோலான் என்ற வேதிப்பொருள், காற்றுபட்டு முதிரும் ஒயின்களிலும் உருவாகிறது. லேசாக இருந்தால் அழகு. அது மட்டுமே தெரிந்தால் பாட்டில் தன் காலத்தைத் தாண்டிவிட்டது.

1996, 2002, 2008

இந்த மூன்று வருடங்கள்தான் எப்போதும் மோதவிடப்படுகின்றன. 1996இல் சர்க்கரையும் அமிலமும் இரண்டுமே அசாதாரணமாக உயர்ந்திருந்தன. நூற்றாண்டின் ஒயின் என்றுகூடப் பேசினார்கள். காலம் அதில் ஒரு பிளவைக் காட்டியது. சில பாட்டில்கள் இன்றும் மின்னுகின்றன. சிலவற்றில் பழம் வாடிப்போய், புளிப்பு மட்டும் தனியாக நிற்கிறது. இன்று 1996 வாங்குவது பாட்டிலுக்குப் பாட்டில் சூதாட்டம். இந்த ஒரு வருடத்துக்கு மட்டும், கிடைத்தால், தாமதமாக வண்டல் நீக்கிய பதிப்பையே தேடுங்கள். 2002 மூன்றிலும் சமநிலையானது. இப்போது குடிக்க இதுதான். 2008 குளிர்ச்சியான வருடம், அமிலம் கூர்மை, ஆனால் 1996இன் முரட்டுத்தனம் இல்லை. டோம் பெரின்யோன் தன் வழக்கத்தை மாற்றி 2009ஐ முதலில் விற்றுவிட்டு 2008ஐ அதன் பிறகு வெளியிட்டது, அந்த ஒயின் அவ்வளவு மெதுவாக வளர்ந்ததால். மூன்றில் நீண்ட தூரம் போகப்போவது 2008 என்றே நம்புகிறேன்.

இந்த வரிசைக்கு வெளியே ஒன்று, 2003. வெப்ப அலையால் ஆகஸ்டிலேயே அறுவடை தொடங்கிய வருடம். அமிலம் குறைவு. போலிஞ்சர் அதை லா க்ராந்த் அனே என்ற பெயரில் வெளியிடாமல் '2003 பை போலிஞ்சர்' என்று தனியாக விட்டது. பல வருடம் சேர்த்துவைக்க ஏற்றதல்ல.

வெப்பம், இருட்டு, தேதி

ரேன்ஸ் நகரின் சுண்ணாம்புக்கல் நிலவறைகள் வருடம் முழுவதும் 10 டிகிரியை ஒட்டியே இருக்கின்றன. அதன் மதிப்பு என்ன என்பதற்கு நல்ல சாட்சி பால்டிக் கடலில் கிடைத்தது. 2010இல் பின்லாந்தின் ஓலாண்ட் தீவுகளுக்கு அருகே மூழ்கிய கப்பல் ஒன்றிலிருந்து 168 பாட்டில்கள் எடுக்கப்பட்டன. வவ் க்ளிக்கோ, ஹைட்சீக், ஜுக்லார் நிறுவனங்களின் ஷாம்பெயின் அவை. சுமார் 170 வருடம், இருட்டு, உறைநிலைக்குச் சற்றே மேலான குளிர். ஆராய்ந்தவர்கள் லிட்டருக்கு 140 கிராமை ஒட்டிய சர்க்கரை இருந்ததைக் கண்டார்கள். ஊற்றியவுடன் ஈர முடி, பாலாடைக்கட்டி போன்ற நாற்றம். கோப்பையைச் சுழற்றிக் காற்று பட்டதும் புகை, தோல், மசாலா, அப்புறம் பழமும் பூவும் வந்தன. கார்க்கின் கீழான முதுமைக்குக் குளிரும் இருட்டும் எவ்வளவு ஆயுள் தரும் என்பதற்கு இதைவிட நேரடிச் சான்று வேண்டுமா? சூடான கடையில் விளக்குக்குக் கீழே நின்ற 2002ஐ எந்த விலைக்கும் தொடாதீர்கள். க்ரிஸ்டால் என்ற ஷாம்பெயினின் தெளிந்த கண்ணாடிப் பாட்டிலைச் சுற்றி வரும் மஞ்சள் தாளும் ஒளியைத் தடுக்கத்தான். வீட்டுக்கு வந்த பிறகும் அதைக் கழற்ற வேண்டாம்.

வாங்கும்போது பின்லேபிளைத் திருப்பிப் பாருங்கள். ஆர்.டி.யில் வண்டல் நீக்கிய தேதி அச்சிட்டிருக்கும். க்ரூக் நிறுவனத்தின் பாட்டில்களில் ஓர் அடையாள எண் இருக்கும், அதை நிறுவனத்தின் தளத்தில் கொடுத்தால் அந்தப் பாட்டிலின் விவரம் வரும். தேதி எதுவுமே இல்லாத பழைய பாட்டில் என்றால் வெளிச்சத்தில் பிடித்து, ஒயின் கார்க்கிலிருந்து எவ்வளவு கீழே இறங்கியிருக்கிறது, நிறம் எவ்வளவு தூரம் பழுப்புக்குப் போயிருக்கிறது என்று பார்த்துவிட்டு, யாருடைய அறையில் இருந்தது என்று விற்பவரிடம் கேளுங்கள். பதில் தெளிவாக வந்தால் லா க்ராந்த் அனே போன்ற முதல் வெளியீட்டை எடுங்கள். திறக்கும்போது 10 முதல் 12 டிகிரி போதும். ஒல்லியான நீளக் கோப்பையை விட்டுவிட்டு வெள்ளை ஒயின் கோப்பையில் ஊற்றுங்கள்.