சுருள் பாலிமர் குழாய்கள்: கடலூர் லேபில் பல வருடம் ஓட்டிய பிறகு

கடலூர் சிப்காட்டில் மருந்து மூலப்பொருள் சோதிக்கிற லேபில் வேலை. மனச்சோர்வுக்குக் கொடுக்கிற எஸ்சிட்டலோபிராம் போன்ற மருந்தில் மூலக்கூறு இடது கை, வலது கை போல இரண்டு வடிவத்தில் வரும், நமக்கு வேண்டியது எஸ் வடிவம். அதன் ஆடிப் பிம்பமான ஆர் எவ்வளவு கலந்திருக்கிறது என்று பார்க்க எச்பிஎல்சியில் (கலவையைக் கரைப்பானோடு குழாய் வழியாகத் தள்ளிப் பிரிக்கும் கருவி) கைரல் குழாய், அதாவது இந்த இரண்டு வடிவத்தையும் பிரித்தறியும் குழாய் போட்டாக வேண்டும்.

உள்ளே 5 மைக்ரான் சிலிகா மணிகள், அவற்றின் மேல் மாவுச்சத்திலிருந்து வரும் பாலிமரான அமைலோஸ் கார்பமேட். இந்தப் பாலிமர் ஒரே பக்கமாகச் சுருண்டிருக்கும். சுருளின் இடுக்கில் ஒரு வடிவம் சற்று அதிக நேரம் தங்கும், மற்றது முந்திக்கொண்டு வெளியே வந்துவிடும். சுருள் பாலிமர் ஆய்வுக்காகத்தான் யோஷியோ ஒகமோட்டோவுக்கு 2019-ல் ஜப்பான் பரிசு கிடைத்தது.

நாங்கள் முதலில் வாங்கியது பாலிமரை மணிமேல் பூசிய பூச்சு வகை. பீக் (ஒவ்வொரு வடிவமும் வெளியே வரும்போது திரையில் எழும் முகடு) பிரிவதில் குறையே இல்லை. ஆனால் பாலிமர் மணியின் மேல் சும்மா படிந்திருப்பதால் அதைக் கரைத்துவிடும் டிஎச்எஃப் (டெட்ராஹைட்ரோஃபியூரான்), குளோரோஃபார்ம், எத்தில் அசிடேட் போன்ற கரைப்பான் எதுவும் ஆகாது. தெரிந்த ஒரு லேபில் பம்ப் லைனில் மிச்சமிருந்த டிஎச்எஃப் போய், புதுக் குழாய் அன்றைக்கே காலி. ஒரு ஸ்கூட்டர் வாங்குகிற காசு!

அப்புறம் பாலிமரைச் சிலிகாவோடு வேதிப் பிணைப்பில் கட்டிய வகைக்கு மாறினோம். நாங்கள் குழாயில் ஓட்டுவது ஹெக்சேனும் ஐசோபுரொப்பனாலும் கலந்த கரைப்பான்; ஹெக்சேனில் கரையாத சாம்பிளை டைகுளோரோமீத்தேனில் கரைத்தே ஏற்றலாம். சில மருந்துகளுக்குப் பிரிப்பு பூச்சு வகையைவிடக் கொஞ்சம் குறைவுதான். ஆனாலும் உழைப்பதில் இதுதான் கெட்டி.

நம் ஊர்க்காற்றையும் சொல்ல வேண்டும். ஐசோபுரொப்பனால் ஈரத்தை இழுக்கும், பாட்டிலைத் திறந்து வைத்தால் பீக் வரும் நேரம் நகர்ந்துவிடும். கத்திரி வெயிலில் ஏசி நின்றால் ஹெக்சேன் ஆவியாகி பம்பில் குமிழி கட்டும். குழாயின் வெப்பநிலையைக் காக்கும் பெட்டியை 25 டிகிரியில் பூட்டி, கரைப்பானைத் தினமும் புதிதாகக் கலப்பதுதான் எங்களுக்குச் சரிப்பட்டது.

இப்போது சுருள் பாலிமரை கிராஃபீன் ஆக்சைடில் (ஆக்சிஜன் தொகுதிகள் ஒட்டிய, ஓர் அணு தடிமனுள்ள கார்பன் தகடு) கட்டுகிற ஆய்வுகளை ஆர்வமாகப் படிக்கிறேன். அதன் தகட்டில் இருக்கும் கார்பாக்சில், ஹைட்ராக்சில் தொகுதிகள் பாலிமரைப் பிணைக்கக் கைப்பிடி கொடுக்கின்றன. ஒற்றைத் தகடாக விரிந்த கிராஃபீன் ஒரு கிராமுக்குக் கணக்குப்படி 2,630 சதுர மீட்டர் பரப்பு. ஆனால் தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று ஒட்டிக்கொண்டால் அந்தப் பரப்பு வீண். நடுவில் முளைத்த பாலிமர் அவற்றை விலக்கி வைக்கும் என்பதுதான் எனக்குப் பிடித்த விஷயம். தகட்டை மட்டும் குழாயில் அடைத்தால் பிரஷர் எகிறும், அதனால் சிலிகா மணிமேல் போர்த்தித்தான் ஆக வேண்டும். அப்படி ஒன்று விற்பனைக்கு வந்தால், பிரிப்புப் படத்தைப் பார்ப்பதற்கு முன் டைகுளோரோமீத்தேன் விட்ட பிறகு பிரஷர் எவ்வளவு என்றுதான் கேட்பேன்.