மேடைக்கு யாரை அழைப்பது: பாம்பனா, நாப்கின் இயந்திரமா, செனாபா?

வாளையார் தாண்டிக் கஞ்சிக்கோடு, கொழிஞ்சாம்பாறை என்று எங்கள் தமிழக-கேரள எல்லைப் பகுதியில் பொறியியல், வடிவமைப்பு மாநாடு எது நடந்தாலும் முதல் சண்டை சிறப்புப் பேச்சாளர் யார் என்பதில்தான். அரங்கில் வீட்டில் தமிழ் பேசுகிறவர்களும் மலையாளம் பேசுகிறவர்களும் கலந்திருப்பார்கள். கோவையிலிருந்து பஸ் ஏறி வருகிறவர்களும் உண்டு. இந்த மூன்று கூட்டத்துக்கும் பொருந்துகிற ஆள் வேண்டும். தேதி கிடைக்குமா என்ற கேள்வியைத் தள்ளிவைத்துவிட்டு, அடிக்கடி அடிபடும் பெயர்களிடம் மாணவர்கள் கற்க என்ன இருக்கிறது என்று மட்டும் பார்க்கிறேன்.

ரயில்வே பொறியாளர் ஈ. ஸ்ரீதரன் பாலக்காடு மாவட்டத்துக்காரர், அதனால் அவர் பெயர்தான் முதலில் வரும். 1964 டிசம்பர் புயலில் பாம்பன் பாலத்தின் பெரும்பகுதி அடித்துச் செல்லப்பட்டது. சரிசெய்ய ரயில்வே 6 மாதம் குறித்தது, மேலதிகாரி அதை 3 மாதமாகக் குறைத்தார், அப்போது 32 வயதான ஸ்ரீதரன் 46 நாளில் முடித்தார். இந்த எண்ணைச் சொன்னதும் அரங்கு அதிரும். ஆனால் கைதட்டியதோடு எழுந்து போய்விடுவார்கள் என்பதுதான் என் குறை. பாடம் இருப்பது எண்ணில் இல்லை. கடலில் விழுந்து கிடந்த கர்டர்களையே, அதாவது பாலத்தின் இரும்பு உத்திரங்களையே, தூக்கி எடுத்துத் திரும்பப் பொருத்தினார்களே, அந்த முடிவில் இருக்கிறது. மேடையில் அதை விரித்துச் சொல்ல நேரம் கிடைப்பதில்லை. வாழ்த்துரையும் பொன்னாடையும் தின்றுவிடுகின்றன. தவிர, தொண்ணூறைத் தாண்டிய மனிதரை இனியும் அலையவிடுவது நியாயமா?

அருணாசலம் முருகானந்தம் கோவைக்காரர். அவர் தமிழும் சிரிப்பும் மலையாளப் பிள்ளைகளுக்கும் சுலபமாகப் புரியும், சாப்பாட்டுக்குப் பிந்தைய நேரத்தில்கூட யாரும் தூங்க மாட்டார்கள். சானிட்டரி நாப்கின் தயாரிக்கக் கோடிக்கணக்கில் விலையுள்ள இயந்திரம் செய்யும் வேலையை ஏறக்குறைய 65,000 ரூபாய் இயந்திரத்தில் செய்து, பெண்கள் சுயஉதவிக் குழுக்களுக்குக் கொடுத்தவர், 2016இல் பத்மஸ்ரீ. பெரும்பாலும் வறுமை, விடாமுயற்சி என்று இந்தக் கதையைச் சுருக்கிவிடுகிறார்கள். வடிவமைப்பு மாணவர்களுக்கு வேண்டியது வேறு. சோதித்துச் சொல்லப் பெண்கள் கூச்சப்பட்டதால், கால்பந்து பிளாடரில் ஆட்டு ரத்தம் நிரப்பித் தன் உடம்பில் கட்டிக்கொண்டு நடந்தார், சைக்கிள் ஓட்டினார். முதலில் பஞ்சில் செய்தது சரிவரவில்லை. பெரிய கம்பெனிகள் மரக்கூழ் செல்லுலோஸைப் பயன்படுத்துகின்றன என்று கண்டுபிடிக்கவே இரண்டு வருடத்துக்கு மேல் ஆனது. பயன்படுத்துகிறவரிடம் நேரே கேட்க முடியாதபோது எப்படிச் சோதிப்பது? இந்தக் கேள்வியை அவரிடம் கேட்டால் போதும், ஒரு செமஸ்டருக்கு யோசிக்கலாம். குடும்பமே விட்டுப் போன பகுதியில் அரங்கு கண்கலங்கி, அதோடு நின்றுவிடும் ஆபத்தும் இருக்கிறது.

மயில்சாமி அண்ணாதுரை பெயரும் வரும். பொள்ளாச்சிப் பக்கத்துக் கோதவாடியிலிருந்து சந்திரயான்-1 திட்ட இயக்குநர் வரை போனவர். பள்ளிப் பிள்ளைகள் கூட்டமென்றால் யோசிக்காமல் அவரை அழைப்பேன்.

கல்லூரி மாநாட்டுக்கு என் ஓட்டு ஜி. மாதவி லதாவுக்கு. ஆந்திராவில் பிறந்து, சென்னை ஐஐடியில் முனைவர் பட்டம் பெற்று, பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் பேராசிரியராக இருப்பவர். ஜம்மு-காஷ்மீரின் செனாப் ரயில் பாலத்தின் அடித்தளப் பணியில் 17 ஆண்டுகள் ஆலோசகர். 2025 ஜூனில் திறந்த அந்தப் பாலம் ஆற்றிலிருந்து 359 மீட்டர் உயரத்தில் நிற்கிறது. அவர் பேச வேண்டியது அந்த உயரத்தைப் பற்றி அல்ல. தோண்டத் தோண்டப் பாறை வேறாக இருந்தது: விரிசல்கள், மறைந்திருந்த பொந்துகள், ஓரிடத்துக்கு ஓரிடம் மாறும் வலிமை. முதலில் போட்ட வடிவமைப்பை அப்படியே கட்ட முடியவில்லை, களத்தில் பார்த்ததற்கு ஏற்பக் கணக்கையும் சரிவுகளைத் தாங்கப் பாறைக்குள் பதிக்கும் நங்கூரக் கம்பிகளையும் மாற்றிக்கொண்டே போனார்கள். போகப் போக வடிவமைப்பது என்ற இந்த முறையை ஆய்வுக் கட்டுரையாகவும் எழுதியிருக்கிறார்.

வடிவமைப்பு மாணவர்களுக்குப் பாறை எதற்கு என்று குழுவில் கேட்பார்கள். செயலியோ நாற்காலியோ, அவர்களும் முழு விவரம் கைக்கு வராமல்தானே வரைகிறார்கள்? அப்புறம் இன்னொன்று. பாலம் திறந்த பிறகு புகழ் குவிந்தபோது, ஆயிரக்கணக்கானவர்களில் தானும் ஒருத்தி, தன்னைத் தேவையில்லாமல் பிரபலமாக்க வேண்டாம் என்று அவரே எழுதினார். அப்படிப்பட்டவரை மேடை ஏற்றுவது கொஞ்சம் முரண்தான். பேச்சு ஆங்கிலத்தில் இருக்கும், சிரிப்பு குறைவாக இருக்கும், கடைசி வரிசை போனை எடுத்துவிடும். போகட்டும், முதல் நான்கு வரிசை எழுதிக்கொள்ளும்.

பட்ஜெட் இருவருக்கு இடம் கொடுத்தால் காலையில் செனாப், மதியம் முருகானந்தம். ஒருவருக்குத்தான் என்றால் செனாப். யார் வந்தாலும் அழைப்புக் கடிதத்திலேயே எழுதிவிடுங்கள்: கைவிட்ட வரைபடம் ஒன்றைக் கொண்டு வாருங்கள், கேள்விக்கு அரை மணி நேரம், பொன்னாடை கிடையாது.