பாதிக் கோப்பு கேட்டால் முழுக் கோப்பும் வர வேண்டுமா? ஸ்க்விட்டும் என்ஜின்எக்ஸ் ஸ்லைஸும்

எங்கள் பயிற்சிக் கூடத்தில் 30 கணினிகள் இருக்கின்றன. அத்தனைக்கும் சேர்த்து வெளியே போவது ஒரே ஒரு 50 எம்பிபிஎஸ் இணைப்பு. லினக்ஸ் ஐஎஸ்ஓ (நிறுவல் வட்டின் படிமக் கோப்பு), மெய்நிகர் கணினிப் படிமம் என்று 4 ஜிபி அளவுக் கோப்புகளை ஒரே வாரத்தில் 30 பேரும் இறக்குவார்கள். நடுவில் ஒரு கேச் ப்ராக்ஸி (ஒருமுறை வந்த கோப்பைச் சேமித்து வைத்து அடுத்தவருக்கும் கொடுக்கும் இடைச் சர்வர்) இல்லாமல் இங்கே வகுப்பு நடத்த முடியாது. பல ஆண்டுகள் ஸ்க்விட் என்ற ப்ராக்ஸி மென்பொருள் ஓடியது. இப்போது பெரிய கோப்புகளை மட்டும் என்ஜின்எக்ஸ் என்ற வலைச் சர்வர் மென்பொருளின் ஸ்லைஸ் முறைக்கு மாற்றிவிட்டேன். மாற வைத்த காரணம் ஒன்றே ஒன்று: பாதியில் நின்ற தரவிறக்கத்தைத் தொடரும்போது ப்ராக்ஸி வெளியிலிருந்து எவ்வளவு இழுக்கிறது என்பது.

அடிப்படையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தரவிறக்க நிரல் ‘ரேஞ்ச்’ ஹெட்டரில் (கோரிக்கையோடு போகும் தலைப்பு வரியில்) "இந்த பைட் முதல் கொடு" என்று கேட்கும். சர்வர் ஒப்புக்கொண்டால் 206 என்ற எண்ணோடு அந்தப் பகுதி மட்டும் வரும். ஒப்புக்கொள்ளாவிட்டால் 200 என்று முழுக் கோப்பும் முதலிலிருந்து வரும். கோப்பின் எல்லையைத் தாண்டிக் கேட்டால் 416. 1997இல் வலை நெறிமுறையான எச்டிடிபி 1.1 வந்ததிலிருந்தே ரேஞ்ச் உண்டு; 416 மட்டும் 1999இல் சேர்ந்தது. 2022இல் வந்த எச்டிடிபி தர ஆவணமான ஆர்எஃப்சி 9110 வரை அடிப்படை மாறவில்லை. இடையில் கேச் நிற்கும்போது அது என்ன செய்ய வேண்டும் என்பதில்தான் மென்பொருளுக்கு மென்பொருள் வேறுபடுகிறது.

ஸ்க்விட் பகுதிக் கோப்பைச் சேமிக்காது. முழுக் கோப்பு கிடைத்தால் சேமிக்கும். பிறகு அதிலிருந்து யார் எந்தப் பகுதியைக் கேட்டாலும் வெட்டிக் கொடுக்கும். கையில் முழுக் கோப்பு இல்லாத நேரத்தில் ரேஞ்ச் கோரிக்கை வந்தால் என்ன செய்வது என்பதை ‘ரேஞ்ச் ஆஃப்செட் லிமிட்’ என்ற அமைப்பு முடிவு செய்கிறது. இயல்பாக அது 0. அதாவது கோரிக்கையை அப்படியே வெளியே அனுப்பிவிட்டு, வந்ததைக் கொடுத்துவிட்டு, எதையும் வைத்துக்கொள்ளாது. 30 பேர் தொடர்ந்தால் 30 முறையும் வெளியிலிருந்துதான். இதை ‘நன்’ (எல்லையே இல்லை) என்று மாற்றினால், யார் எந்த இடத்திலிருந்து கேட்டாலும் ஸ்க்விட் முதல் பைட்டிலிருந்து முழுக் கோப்பையும் இழுக்கத் தொடங்கும்.

இணையத்தில் கிடைக்கும் பெரும்பாலான அமைப்புக் குறிப்புகள் இந்த இரண்டாவது வழியையே சொல்கின்றன. கூடவே ‘குயிக் அபார்ட் மின்’ மதிப்பை −1 ஆக்கச் சொல்வார்கள். கேட்டவர் இணைப்பைத் துண்டித்தாலும் ஸ்க்விட் மட்டும் இறக்கி முடிக்கும். நானும் அப்படித்தான் வைத்திருந்தேன். ஒருவர் பின் ஒருவராக, முதலிலிருந்து இறக்கும்வரை அருமையாக ஓடியது.

மாணவர்கள் ஆரியா2 என்ற தரவிறக்க நிரலைப் பயன்படுத்தத் தொடங்கியதும் கணக்கு தலைகீழானது. ஆரியா2 ஒரே கோப்புக்குப் பல இணைப்புகளைத் திறந்து வேறு வேறு இடங்களிலிருந்து கேட்கும். 4 ஜிபி கோப்பை 8 இணைப்புகளில் பிரித்தால் ஒன்று 0விலிருந்து, அடுத்தது 0.5 ஜிபியிலிருந்து, கடைசி 3.5 ஜிபியிலிருந்து கேட்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றுக்கும் ஸ்க்விட் முதல் பைட்டிலிருந்து இழுக்கிறது. ஒவ்வோர் இணைப்பும் தன் பங்கு கிடைத்ததும் நின்றாலே 0.5, 1, 1.5 என்று கூட்டி 18 ஜிபி வெளியிலிருந்து வரும். குயிக் அபார்ட் −1 என்பதால் எதுவும் நிற்காது. எட்டும் முழுதாக ஓடினால் 32 ஜிபி. தேவைப்பட்டதோ 4.

அதோடும் முடியவில்லை. 50 எம்பிபிஎஸ் என்றால் வினாடிக்கு ஏறத்தாழ 6 எம்பி. 3.5 ஜிபியைத் தாண்டி முதல் பைட்டைக் கொடுக்க, இணைப்பு முழுவதும் அந்த ஒரு வேலைக்கே கிடைத்தாலும் ஒன்பது நிமிடங்களுக்கு மேல் ஆகும். ஆரியா2 இயல்பாக 60 வினாடி மட்டுமே காத்திருக்கும். பதில் வராததால் துண்டித்து மறுபடி கேட்கும். ஸ்க்விட்டோ பழையதையும் விடாமல் புதிதாக இன்னொன்றைத் தொடங்கும். ஒரு காலை நேரம் ஸ்க்விட்டின் பதிவுக் கோப்பைத் திறந்து பார்த்தபோது ஒரே ஐஎஸ்ஓவின் பெயர் வரிவரியாக ஓடிக்கொண்டிருந்தது. கூடத்தில் ஒருவருக்கும் ஒரு வலைப்பக்கம்கூடத் திறக்கவில்லை. ஒரே கோப்புக்கான கோரிக்கைகளை ஒன்றாகச் சேர்க்கும் ‘கொலாப்ஸ்டு ஃபார்வர்டிங்’ என்ற வசதி ஸ்க்விட்டில் உண்டு, இயல்பில் அணைந்திருக்கும். அதைப் போட்டால் பெருக்கம் குறையலாம். ஆனால் 3.5 ஜிபியிலிருந்து கேட்டவர் முன்னால் இருப்பது எல்லாம் வரும்வரை காத்திருப்பது அப்படியேதான் இருக்கும்.

வார்னிஷ் என்ற இன்னொரு கேச் மென்பொருளும் இயல்பில் முழுக் கோப்பை இழுத்து அதிலிருந்தே வெட்டிக் கொடுக்கிறது. ஸ்லைஸ் இல்லாமல் கேச் மட்டும் போட்ட என்ஜின்எக்ஸும் அப்படியே. ஆகவே பெயர் மாறுவதால் மட்டும் பிரச்சினை தீராது.

ஸ்லைஸ் என்பது என்ஜின்எக்ஸில் 1.9.8 பதிப்பிலிருந்து இருக்கும் ஒரு தொகுதி. கோப்பை நிலையான அளவுத் துண்டுகளாகக் கற்பனை செய்துகொண்டு, தேவையான துண்டை மட்டும் தானே ஒரு ரேஞ்ச் கோரிக்கையாக வெளியே கேட்டு, ஒவ்வொரு துண்டையும் தனித்தனியாகக் கேச் செய்கிறது. எங்கள் அமைப்பில் துண்டு 8 எம்பி. ஒருவர் 300 கோடியாவது பைட்டிலிருந்து கேட்கிறார் என்றால், என்ஜின்எக்ஸ் 2,99,47,33,056 முதல் 3,00,31,21,663 வரையுள்ள துண்டை வெளியே கேட்கும். கேட்காத பகுதிக்கு வீணாக வந்தது சுமார் 5 எம்பி. ஸ்க்விட்டில் அதே கோரிக்கைக்கு முன்னால் வந்து சேர வேண்டியது 300 கோடி பைட். என் முடிவு இந்த ஒரு கணக்கில்தான் நிற்கிறது.

அடுத்தவர் கோப்பின் வேறு பகுதியைக் கேட்டால் வேறு துண்டுகள் சேரும்; நாள்போக்கில் கோப்பு தானாக நிறையும். ஆரியா2 எட்டு இடத்திலிருந்து கேட்டாலும் ஒவ்வொரு துண்டும் ஒரு முறைதான் வரும். இதற்கு ‘ப்ராக்ஸி கேச் லாக்’ என்ற பூட்டைப் போட்டிருக்க வேண்டும். அப்போதுதான் ஒரே துண்டை இருவர் ஒரே நேரத்தில் கேட்கும்போது ஒருவர் இழுக்க மற்றவர் காத்திருப்பார். ஆனால் அந்தப் பூட்டின் இயல்பான காலக்கெடு வெறும் 5 வினாடி. கூட்டம் மிகுந்த நேரத்தில் 8 எம்பி துண்டு அதற்குள் வந்து முடியாது. பூட்டு தளர்ந்து அதே துண்டு இரண்டாம் முறை வெளியே போகும். ‘லாக் டைம்அவுட்’, ‘லாக் ஏஜ்’ இரண்டையும் 60 வினாடியாக உயர்த்திய பிறகே இரட்டிப்பு நின்றது.

துண்டு அளவைத் தொடக்கத்திலேயே யோசித்து முடிவு செய்துவிடுங்கள். நான் முதலில் 1 எம்பி வைத்தேன். 4 ஜிபி கோப்பு ஒன்றுக்கு 4,096 கேச் கோப்புகள் உருவாயின. 8 எம்பி ஆக்கியபோது அது 512 ஆனது. ஆனால் துண்டின் எல்லை கேச் சாவியிலேயே (சேமித்ததைத் தேடி எடுக்கும் பெயரிலேயே) இருப்பதால், அளவை மாற்றிய நொடியில் அதுவரை சேர்ந்தது முழுவதும் பயனற்றுப் போனது. மறுபடி எல்லாவற்றையும் வெளியிலிருந்தே இறக்கினோம்.

அபாச்சி டிராஃபிக் சர்வர் என்ற கேச் ப்ராக்ஸியிலும் இதே எண்ணத்தில் ஒரு ஸ்லைஸ் செருகுநிரல் உண்டு. நான் அதைச் சில நாள் சோதனையாக மட்டும் ஓட்டினேன். மாதக்கணக்கில் வைத்துப் பராமரித்ததில்லை. அதனால் அதைத் தரம் பிரிக்க எனக்குத் தகுதியில்லை.

இனி ஸ்க்விட்டுக்குச் சாதகமானதைச் சொல்லியாக வேண்டும். ஒரே பதிலாக வந்த முழுக் கோப்பு எப்போதும் ஒரே பதிப்பு. துண்டு துண்டாகச் சேர்த்த கோப்புக்கு அந்த உத்தரவாதம் இயல்பாகக் கிடைப்பதில்லை. முதல் 200 துண்டுகள் நேற்று வந்தவை; இரவில் மூலச் சர்வரில் அதே பெயரில் புதுக் கோப்பைப் போட்டுவிட்டார்கள்; 201ஆவது துண்டு இன்று வருகிறது. என்ஜின்எக்ஸ் இதைக் கண்டுபிடிக்கும். ஒவ்வொரு துண்டோடும் வரும், கோப்பின் பதிப்பைக் காட்டும் ஈ-டேக் அடையாளத்தை முந்தைய துண்டின் அடையாளத்தோடு ஒப்பிட்டு, பொருந்தாவிட்டால் பதிவுக் கோப்பில் பிழை எழுதிவிட்டு இணைப்பை அறுத்துவிடும். கலந்த கோப்பைக் கொடுப்பதைவிட இது எவ்வளவோ மேல். மூலச் சர்வர் ஈ-டேக்கே அனுப்பாவிட்டால் இந்தச் சோதனை நடக்காது. அப்படிப்பட்ட சர்வருக்கு ஸ்லைஸ் போடாதீர்கள்.

இந்தச் சோதனை ஒரே கோரிக்கைக்குள் மட்டுமே நடக்கிறது. இதனால் எங்களுக்கு ஒரு நாள் வேலை கெட்டது. ஒரு படிமக் கோப்பு பாதியில் அறுந்தது. டபிள்யூகெட் என்ற தரவிறக்க நிரல் தன் வழக்கப்படி, கையில் இருக்கும் அளவைப் பார்த்து, "இதற்கு மேல் கொடு" என்று புதிதாகக் கேட்டது. புதுக் கோரிக்கைக்குக் கிடைத்தவை எல்லாம் புதுப் பதிப்பின் துண்டுகள்; தமக்குள் அவை பொருந்தின. தரவிறக்கம் பிழையில்லாமல் முடிந்ததாகத் திரையில் வந்தது. முன்பாதி பழையது, பின்பாதி புதியது. கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் ஷா-256 எண்ணைச் சரிபார்த்தபோதுதான் தெரிந்தது.

தரவிறக்க நிரலும் பொறுப்பாக இருக்க வேண்டும் என்பது அன்று புரிந்தது. டபிள்யூகெட்டுக்கு இருக்கும் ஒரே நினைவு வட்டிலுள்ள கோப்பின் நீளம். கோப்பு மாறிவிட்டதா என்று தன்னால் அறிய முடியாது என்பதை அதன் கையேடே வெளிப்படையாகச் சொல்கிறது. கர்ல் என்ற தரவிறக்க நிரல் இன்னொரு விதத்தில் கறாரானது: தொடர்ச்சி கேட்டதற்கு 200 வந்தால் 33ஆம் எண் பிழையோடு நின்றுவிடும், கையிலிருப்பதைக் கெடுக்காது. ஆனால் கோப்பு மாறியதை அதுவும் தானாகப் பார்ப்பதில்லை. ஆரியா2 ஒரு கட்டுப்பாட்டுக் கோப்பை அருகிலேயே வைத்து, எந்தெந்தத் துண்டு வந்தது என்று குறித்துக்கொள்கிறது. மின்சாரம் போய் வந்தாலும் விட்ட இடம் அதற்குத் தெரியும். ஷா-256 எண்ணைக் கட்டளையிலேயே கொடுத்தால் கடைசியில் தானே சரிபார்க்கும். என் பரிந்துரை ஆரியா2தான். ஓர் எச்சரிக்கை: ஆரியா2 பாதியில் விட்ட கோப்பை டபிள்யூகெட்டால் தொடராதீர்கள். ஆரியா2 இயல்பாகக் கோப்பின் முழு அளவுக்கும் வட்டில் முன்கூட்டியே இடம் ஒதுக்கிவிடும். டபிள்யூகெட் அந்த நீளத்தைப் பார்த்து, கோப்பு முழுதாக வந்துவிட்டது என்று சொல்லிவிடும்.

இதற்கெல்லாம் முறையான மருந்து ‘இஃப்-ரேஞ்ச்’ ஹெட்டர். "கோப்பு இன்னும் அதேதான் என்றால் பகுதியைக் கொடு, இல்லையென்றால் முழுதையும் கொடு" என்பது அதன் பொருள். டெபியன், உபுண்டு கணினிகளில் மென்பொருள் தொகுப்புகளை இறக்கும் ஆப்ட் இதை அனுப்புகிறது. அதனால் எங்கள் தொகுப்புகளில் இந்தச் சிக்கல் வரவில்லை. இஃப்-ரேஞ்ச் வந்தால் என்ஜின்எக்ஸ் ஸ்லைஸ் முதல் துண்டை எடுத்து அடையாளத்தைப் பார்த்த பிறகே கேட்ட இடத்துக்குத் தாவும். முதல் துண்டு பழையதாகவும் பின் துண்டு புதியதாகவும் இருந்தால் அறுத்துவிடும், ஒட்டாது.

எங்கள் இப்போதைய ஏற்பாடு இது. பெயரிலேயே பதிப்பு எண் இருக்கும் ஐஎஸ்ஓ, படிமம், தொகுப்புக் கோப்புகள் ஸ்லைஸ் வழியே போகின்றன. ஒரே பெயரில் அடிக்கடி மாறும் பட்டியல் கோப்புகளும், "லேட்டஸ்ட்" என்று பெயர் கொண்டவையும் அந்த வழிக்குள் வராது. மற்ற வலைப்போக்குவரத்துக்கு ஸ்க்விட், ரேஞ்ச் அமைப்பு இயல்பான 0விலேயே. எச்டிடிபிஎஸ் (மறைகுறியாக்கிய) தளங்களில் ஸ்க்விட் உள்ளே பார்க்காமல் கடத்தும் வெறும் சுரங்கப்பாதை மட்டுமே என்பதால் அங்கே கேச் பற்றிய பேச்சே இல்லை. ஸ்லைஸ் பக்கத்தில் மாணவர்கள் எங்கள் உள் முகவரியைக் கேட்கிறார்கள், வெளியே எச்டிடிபிஎஸ்ஸில் போவது என்ஜின்எக்ஸ் பொறுப்பு.

கோப்பு மாறி அறுந்துபோனால், பழைய துண்டுகள் காலாவதியாகும்வரை யாருக்கும் அந்தக் கோப்பு முழுதாகக் கிடைக்காது. என்ஜின்எக்ஸின் இலவசப் பதிப்பில் ஒரு கோப்பை மட்டும் கேச்சிலிருந்து நீக்கும் கட்டளை இல்லை. ஒவ்வொரு கேச் கோப்பின் தலைப்பகுதியிலும் அதன் சாவி எழுத்தாகவே இருக்கிறது. கேச் அடைவில் கிரெப் என்ற தேடல் கட்டளையை ஓட்டி, அந்தக் கோப்பின் பெயர் வரும் துண்டுகளைப் பட்டியலிட்டு, 512ஐயும் அழித்துவிடுகிறேன். வேலை ஒரு நிமிடம்கூட எடுப்பதில்லை.