கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் புடவைக் கடையின் புது இணையதளம்

கடையைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. எத்தனை புடவையைப் பிரித்துக் காட்டினாலும் அங்கே யாரும் சலித்துக்கொள்வதில்லை. தீபாவளிக்கு முன் திறந்த இணையதளம்தான் பாடாய்ப் படுத்துகிறது.

மொத்தத் தளமும் ஒரே பக்கமாக, பிரவுசருக்குள் இயங்கும் ஜாவாஸ்கிரிப்ட் நிரலில் ஓடும் வகை. சர்வர் முதலில் அனுப்பும் எச்டிஎம்எல், அதாவது பக்கத்தின் எழுத்தும் அமைப்பும் இருக்க வேண்டிய கோப்பு, கிட்டத்தட்ட காலி. ஸ்கிரிப்ட் இறங்கி ஓடிய பிறகுதான் படமும் விலையும் வரும். அம்மாவின் பழைய கைப்பேசியில் அதுவரை வெள்ளைத் திரைதான். அரக்குச் சிவப்பில் ஒரு காஞ்சிபுரம் பட்டைப் பார்த்துவிட்டு பேக் பட்டனைத் தட்டினால், பட்டியலின் உச்சிக்கே தள்ளிவிடுகிறது. தேர்ந்து வைத்த விலை வரம்பும் போச்சு. சாதாரணப் பக்கமென்றால் இதையெல்லாம் பிரவுசரே பெரும்பாலும் பார்த்துக்கொள்ளும். இங்கே தனியாக நிரல் எழுத வேண்டும், எழுதவில்லை. அக்காவுக்கு வாட்ஸ்அப்பில் அந்தப் புடவையின் லிங்க் அனுப்பினேன், அவளுக்கு முகப்புப் பக்கம் திறந்ததாம்!

ஜிமெயில், கூகல் மேப்ஸ் மாதிரி மணிக்கணக்கில் திறந்து வைத்து வேலை பார்க்கும் இடத்துக்கு இந்த முறை சரி. நாலு படம் பார்த்து விலை கேட்கும் கடைக்கு எதற்கு?

எஃப்பிஎக்ஸில், அதாவது வங்கிக் கணக்கிலிருந்து நேரடியாக இணையத்தில் கட்டும் மலேசிய முறையில், பணம் கட்டுவது மட்டும் சட்டென்று முடிந்தது. அதற்காக இரண்டு நட்சத்திரம். புடவைக்கு நேரிலேயே போங்கள். சனிக்கிழமை வேண்டாம், கார் நிறுத்த இடமே கிடைக்காது.