சுவரில் எந்த மெயிலை ஒட்டுவது?

வேலூர் காந்தி ரோட்டில் லாட்ஜுகளுக்கு நடுவில் எங்கள் ஜெராக்ஸ் கடை. சி.எம்.சி.க்கு நோயாளியோடு துணைக்கு வந்தவர்கள்தான் வாடிக்கையில் பாதிக்கு மேல். கொல்கத்தாவிலோ ராஞ்சியிலோ எடுத்த பழைய ரிப்போர்ட்டை வீட்டிலிருந்து யாராவது இவர்கள் செல்லுக்கு அனுப்புவார்கள். இவர்கள் அதைச் சுவரில் ஒட்டியிருக்கும் எங்கள் கடை மெயிலுக்குத் தள்ளிவிடுவார்கள். பிரிண்ட் போட்டுக் கொடுப்பது என் வேலை.

தீபாவளிக்கு முந்தின வாரம் அந்தப் பெட்டி நிரம்பிவிட்டது. எதிரில் நின்றவர் மூன்று முறை அனுப்பினார், மூன்றும் திரும்பிப் போயின. கையில் ஓபி சீட்டு, கண் கடிகாரத்தில். கடைசியில் அவர் செல்லைக் கேபிளில் மாட்டி இறக்க வேண்டியதாயிற்று. இதில் யாரையும் குறை சொல்ல வழியில்லை. ஆறு வருடமாக ஒரு மெயிலையும் அழிக்காதவன் நான்தான்.

புதிதாக ஒரு இலவச மெயில் திறந்துவிடலாம் என்று முடிவு செய்தோம். எதைத் திறப்பது என்பதில்தான் வீட்டுக்குள் மூன்று கட்சி. தம்பிக்கு சோஹோ. ராணிப்பேட்டையில் தோல் கம்பெனி கணக்குப் பார்க்கும் மச்சானுக்கு புரோட்டான். எனக்குப் பழகிய ஜிமெயிலிலேயே புது முகவரி. சரி, மூன்றையும் திறந்து கடையிலேயே ஓட்டிப் பார்ப்போம் என்றேன்.

இடத்தை வைத்துப் பார்த்தால் போட்டியே இல்லை. ஜிமெயில் 15 ஜிபி, சோஹோ 5, புரோட்டான் 1. ஆனால் ஜிமெயிலின் 15-ஐ டிரைவும் போட்டோஸும் பங்கு போட்டுக்கொள்கின்றன. 2021 ஜூனிலிருந்து செல்லில் எடுத்து போட்டோஸில் பேக்கப் ஆகும் படங்களும் அந்தக் கணக்கில்தான் சேரும். கடைக் கணக்கை யாராவது தன் செல்லில் போட்டு, போட்டோ பேக்கப்பையும் தட்டிவிட்டால் குழந்தையின் பிறந்தநாள் படங்களே பெட்டியை அடைத்துவிடும். அப்பா இதே இடத்தில் பிரவுசிங் சென்டர் நடத்திய காலத்தில் ஹாட்மெயில் கொடுத்தது 2 எம்பி. 2004 ஏப்ரல் 1 அன்று கூகுள் 1 ஜிபி தருகிறோம் என்றதும் முட்டாள்கள் தினக் கேலி என்றே பலர் நினைத்தார்கள். இன்றைக்கு 15-ம் போதவில்லை!

தம்பி சோஹோவைப் பிடித்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. ஸ்ரீதர் வேம்பு தொடங்கியது, சென்னைக் கம்பெனி, தென்காசி வரைக்கும் ஆபீஸ். பெட்டி நிரம்பிய அதே 2025 அக்டோபரில்தான் அமித் ஷா தானும் சோஹோ மெயிலுக்கு மாறிவிட்டதாக அறிவித்தார். அந்தப் பேச்சு ஓய்வதற்குள் தம்பி கணக்குத் திறந்துவிட்டான். பார்க்கவும் நன்றாகவே இருக்கிறது. இலவசக் கணக்கிலும் விளம்பரம் கிடையாது. சொந்த டொமைன், அதாவது இணையத்தில் நமக்கென்று பதிவு செய்த பெயர், இருந்தால் கடைப் பெயரிலேயே 5 பேர் வரை இலவசமாக முகவரி வைத்துக்கொள்ளலாம். டொமைனுக்கு வருடா வருடம் காசு கட்ட வேண்டும் என்பதைத் தம்பி கடைசியில்தான் சொன்னான்.

சிக்கல் கல்லாவில் வந்தது. எங்கள் பழைய கம்ப்யூட்டரில் மெயில் பார்ப்பது தண்டர்பேர்டு என்ற மென்பொருளில். மெயில் வந்ததும் மணி அடிக்கும், அங்கிருந்தே பிரிண்ட் கொடுப்போம். அப்படி வெளி மென்பொருளில் மெயிலை இறக்க ஐமேப் வசதி வேண்டும். சோஹோவின் இலவசத் திட்டத்தில் அது இல்லை. பிரவுசரிலோ அவர்களுடைய ஆப்பிலோதான் பார்க்கலாம். புரோட்டானிலும் அதே கதை: தண்டர்பேர்டோடு இணைக்கிற பிரிட்ஜ், காசு கட்டுகிறவர்களுக்கு மட்டும். ஜிமெயில் இதை இலவசமாகவே தருகிறது. அவுட்லுக்கும் தருகிறது, 15 ஜிபியும் உண்டு, ஆனால் எங்கள் வீட்டில் அதற்கு ஆள் இல்லை.

மச்சான் சொன்னதையும் லேசாகத் தள்ளிவிட முடியாது. புரோட்டானை ஆரம்பித்தவர்கள் சுவிட்சர்லாந்தின் செர்ன் ஆய்வுக்கூடத்தில் இருந்த விஞ்ஞானிகள், 2014-இல். பெட்டியில் இருப்பதைப் பூட்டியே வைக்கிறார்கள், கம்பெனிக்காரர்களாலேயே படிக்க முடியாது. "ஊரார் வியாதியெல்லாம் உங்க பெட்டியில கிடக்குது மாமா, அதைப் பூட்ட வேணாமா?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. பழைய பெட்டியைத் திறந்து பார்த்தபோது எனக்கே கூச்சமாக இருந்தது. யாரோ ஒரு அம்மாவின் பயாப்சி ரிப்போர்ட், யாருடையதோ ஆதார், பங்களாதேஷ் பாஸ்போர்ட்டுகள். ஐந்து ரூபாய் பிரிண்டுக்காக வந்த காகிதங்கள் வருடக்கணக்கில் என்னிடம் கிடந்திருக்கின்றன.

ஆனால் பூட்டு எங்கள் வேலைக்கு எவ்வளவு தூரம் உதவும் என்று யோசித்தேன். அனுப்புகிறவர் ஜிமெயிலில் இருந்து அனுப்புகிறார். அவருடைய சென்ட் பெட்டியில் ஒரு பிரதி அப்படியே இருக்கும். இந்தப் பக்கம் நான் திறந்தால், வரிசையில் நிற்கும் நாலு பேரும் திரையில் ரிப்போர்ட்டைப் படிக்கலாம். இன்னொன்றும் உண்டு. புரோட்டானில் பாஸ்வேர்டை மறந்துவிட்டால் புதிது போட்டு உள்ளே போய்விடலாம். ஆனால் மீட்புச் சொற்றொடரையோ மீட்பு ஃபைலையோ முன்கூட்டியே எடுத்து வைக்காவிட்டால் பழைய மெயில்கள் பூட்டியபடியே கிடக்கும். கடையில் பாஸ்வேர்டு மூன்று பேர் கையில் புழங்குகிறது. வீட்டுப் பத்திரம், எல்.ஐ.சி. ரசீது மாதிரியானவற்றுக்கு புரோட்டானை நானே வைத்துக்கொண்டேன். சொற்றொடரை எழுதிய சீட்டு பீரோவில் ரேஷன் கார்டோடு இருக்கிறது.

உண்மையில் சண்டையைத் தீர்த்து வைத்தது இதெல்லாம் இல்லை. ஒரு வாரம் சுவரில் சோஹோ முகவரியை ஒட்டினோம். வந்தவர்கள் பெயரைப் பார்த்துப் பார்த்து எழுத்து எழுத்தாக அடிப்பார்கள், 'அட்' குறி வந்ததும் தலை நிமிராமல் ஜிமெயில் டாட் காம் என்று முடித்துவிடுவார்கள். ஒரு பெரியவர் மெனக்கெட்டு சோஹோமெயில் என்று சரியாக அடித்து, டாட் இன் என்பதற்குப் பதிலாக டாட் காம் போட்டார். முகவரி தப்பானால் யாருடைய பெட்டிக்குப் போகும் என்று சொல்ல முடியாது. பயாப்சி ரிப்போர்ட் அப்படி அலையக் கூடாது.

அதனால் சுவரில் இப்போது ஜிமெயில், பழையது இல்லை, புதியது. பெயருக்கு நடுவில் புள்ளி வைத்து அடித்தாலும் வைக்காமல் அடித்தாலும் எங்களுக்கே வந்து சேரும். சோஹோவை பேப்பர், டோனர் வாங்கும் இடங்களுக்குக் கொடுத்திருக்கிறோம். டொமைன் வாங்கினால் பெயர்ப்பலகையிலும் ஏறும் என்கிறான் தம்பி.

ராத்திரி ஷட்டரை இறக்குவதற்கு முன்னால் அன்றைக்கு வந்த மெயிலையெல்லாம் தம்பி அழித்துவிடுவான், குப்பைப் பெட்டியையும் சேர்த்து. அப்படியே விட்டால் அதில் 30 நாள் கிடக்கும். நேற்று அவன் மறந்துவிட்டு பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போய்விட்டான். போன் போட்டுத் திரும்ப வரவழைத்தேன்.