சிடார் சீசனும் எங்கள் வீட்டு ஏசியும்: ஆஸ்டினில் ஆறு வருஷ அனுபவம்

அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் உள்ள ஆஸ்டினுக்கு 2018இல் குடிவந்தபோது, "இந்த ஊர் சிடார் மர அலர்ஜி உங்களை உடனே பிடிக்காது, ரெண்டு மூணு வருஷம் ஆகும்" என்று பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார். எனக்கு இரண்டாவது குளிர்காலத்திலேயே பிடித்துவிட்டது. பையனுக்கு அதற்கும் முன்னாலேயே. பெயர்தான் சிடார், உண்மையில் அது ஆஷ் ஜூனிப்பர் என்ற மரம். ஊருக்கு மேற்கே குன்றுகள் முழுக்க அதுதான். டிசம்பரிலிருந்து பிப்ரவரி வரை, வடக்கிலிருந்து வறண்ட குளிர்காற்று வீசும் நாட்களில், மரம் தீப்பிடித்துப் புகைவதுபோல் மகரந்தம் கிளம்பும். கண் அரிப்பு, அடுக்குத் தும்மல், அடித்துப்போட்டதுபோல் அசதி. அது ஓய்வதற்குள் மார்ச்சில் ஓக் மரம் தொடங்கிவிடும். காலையில் கார் மேல் பச்சையும் மஞ்சளுமாகப் பொடி படிந்திருக்கும்.

மாத்திரை ஒரு பக்கம் இருக்கட்டும், வீட்டுக்குள்ளாவது நிம்மதியாக மூச்சு விடலாமே என்று ஹீட்டர், ஏசி பக்கம் என் பார்வை திரும்பியது. நம் ஊரில் இருப்பதுபோல் இங்கே அறைக்கு ஒரு ஸ்பிலிட் ஏசி கிடையாது. சீலிங்குக்கும் கூரைக்கும் நடுவே இருக்கும் ஆட்டிக்கில் ஒரே ஃபேன். அதோடு சேர்ந்தாற்போல் கேஸில் எரியும் ஃபர்னஸ் என்ற ஹீட்டரும், காற்றைக் குளிர்விக்கும் குழாய்ச் சுருளான ஏசி காயிலும். ஹால்வே சீலிங்கில் உள்ள பெரிய கிரில் வழியாக வீட்டுக் காற்றை உள்ளே இழுத்து, சூடாக்கியோ குளிர்வித்தோ டக்ட் என்ற காற்றுக் குழாய்கள் வழியே எல்லா அறைக்கும் திருப்பி அனுப்பும். அந்தக் கிரிலில்தான் ஃபில்டர். வீடு முழுவதற்கும் அது ஒன்றுதான் மூக்கு.

எல்லோரையும் போல நானும் ஃபில்டரின் நம்பரில்தான் ஆரம்பித்தேன். மெர்வ் என்பது ஃபில்டர் எவ்வளவு நுண்ணிய துகளைப் பிடிக்கும் என்று சொல்லும் அளவு. பழைய வீட்டுக்காரர் போட்டிருந்தது மெர்வ் 8. மகரந்தம் மாதிரிப் பெரிய துகளில் கணிசமான பங்கை அதுவே பிடித்துவிடும். நான் கேட்டேனா? நம்பர் கூடினால் நல்லது என்று 2020இல் மெர்வ் 13 வாங்கிப் போட்டேன். ஒரு மைக்ரானுக்கும் குறைவான துகளில்கூடக் குறைந்தது பாதியைப் பிடிக்கும் ரகம். விலை இரண்டு மடங்கு என்பதால் 'இன்னும் கொஞ்ச நாள் ஓடட்டும்' என்று ஐந்து மாதம் மாற்றாமல் விட்டேன். ஜூலையில் ஒரு நாள் அறைகளில் காற்று வரும் வென்ட்டில் காற்றே வரவில்லை. ஆட்டிக்கில் ஏறிப் பார்த்தால் காயிலைச் சுற்றிப் பனிக்கட்டி! வெளியே 102 டிகிரி ஃபாரன்ஹீட், உள்ளே ஐஸ். வந்த டெக்னீஷியன் சிரிக்கவில்லை, நல்ல மனிதர். ஒரு அங்குல ஃபில்டரில் இவ்வளவு அடர்த்தி இருந்து, அதில் தூசியும் அடைத்தால், காயில் மேல் போதிய காற்று போகாது, அதனால்தான் உறைந்தது என்று விளக்கினார். பெரும்பாலான ஃபர்னஸ்களில் காற்று ஓட்டத்துக்கு வரும் எதிர்ப்பு, அந்த அழுத்தம் தண்ணீரை எவ்வளவு உயர்த்தும் என்ற கணக்கில், அரை அங்குலத்துக்குள் இருக்க வேண்டும். எங்களுடையது 0.8ஐத் தாண்டியிருந்தது.

அதே ஆள் கழற்றிய ஃபில்டரைக் காட்டி ஒன்று சொன்னார். அதுதான் இந்த ஆறு வருஷத்தில் எனக்குக் கிடைத்த உருப்படியான யோசனை. ஃபில்டரின் நடுப்பகுதி ஒரே சீராகச் சாம்பல் நிறம். ஆனால் அட்டைச் சட்டத்தின் ஓரம் மட்டும், ஒரு பக்கமாக, கரி தேய்த்தாற்போல் கறுப்புக் கோடு. "காற்று ஃபில்டர் வழியாகப் போகவில்லை, பக்கவாட்டில் சுற்றிப் போகிறது" என்றார். காற்றுக்கு எது சுலபமோ அந்த வழியில்தான் போகும். அடர்த்தியான ஃபில்டரைப் போட்டால் இடுக்கு வழியாகப் போவது இன்னும் கூடும்.

அன்று இரவு பூஜை அலமாரியிலிருந்து ஒரு ஊதுபத்தியை எடுத்துக் கொளுத்தி, ஃபேனை ஓடவிட்டு, ஏணியில் ஏறிக் கிரிலின் ஓரமாகக் காட்டினேன். புகை ஃபில்டருக்குப் போகாமல் வளைந்து, சட்டத்துக்கும் மரத்துக்கும் நடுவே நூல்போல் உள்ளே போனது. அப்புறம் ஆட்டிக்கிலும் அதே சோதனை (மெத்தைபோல் பஞ்சு கிடக்கும் இடத்தில் நெருப்பு வேண்டாம், நான் செய்தது தப்பு, பவுடர் ஊதிப் பார்க்கலாம்). கிரிலுக்கு மேலே, காற்று ஃபேனுக்குத் திரும்பிப் போகும் ரிட்டர்ன் பெட்டி வெறும் மரச்சட்டமும் ஜிப்சம் பலகையும். மூலைகளில் விரல் நுழையும் இடைவெளி. அதாவது ஃபில்டரைத் தாண்டிய பிறகு, இருபது வருஷத் தூசி கிடக்கும் ஆட்டிக் காற்றை எங்கள் ஃபேன் நேரடியாக உறிஞ்சி, பையன் படுக்கும் அறைக்கு ஊதிக்கொண்டிருந்தது. நான் காசைக் கொட்டிக்கொண்டிருந்தது ஃபில்டரில்.

மாஸ்டிக் என்ற பசையை இரண்டு டப்பா வாங்கி, ஒரு சனிக்கிழமை முழுக்கப் பூசினேன். கிரில் ஓரத்துக்கு ஃபோம் டேப். மொத்தச் செலவு 50 டாலருக்குள். அலமாரி மேல் படியும் தூசி குறைந்ததை முதலில் கவனித்தது மனைவிதான். 2022இல் ஃபர்னஸ் பக்கத்திலேயே நான்கு அங்குலத் தடிமன் ஃபில்டர் வைக்கும் பெட்டி ஒன்றைப் பொருத்திக்கொண்டோம். மடிப்பு ஆழமாக இருப்பதால் பரப்பு கூடுதல். மெர்வ் 13 போட்டும் காற்று திணறுவதில்லை. அதற்கு 700 டாலர் ஆனது. வரிசை மாறியிருந்தால், ஓட்டையை அடைக்காமல் இதை மட்டும் செய்திருந்தால், ஆட்டிக் தூசியே அந்த ஃபில்டரைச் சீக்கிரம் அடைத்திருக்கும்.

அடுத்தது தெர்மோஸ்டாட்டில் உள்ள ஃபேன் பட்டன். சிடார் சீசனில் ஒரு வேடிக்கை உண்டு. ஜனவரியில் பல நாள் வெயில் இதமாக 65 டிகிரி ஃபாரன்ஹீட் இருக்கும். ஹீட்டரும் ஓடாது, ஏசியும் ஓடாது. மகரந்தம் உச்சத்தில் இருக்கும் நாளில் ஃபில்டர் சும்மா உட்கார்ந்திருக்கும். இதில் வெளியே இதமாக இருக்கிறதே என்று ஜன்னலை வேறு திறப்போம். இப்போது அந்த மூன்று மாதமும் ஃபேன் மட்டும் மணிக்கு இருபது நிமிடம் ஓடும்படி வைத்திருக்கிறேன்.

இதையே கோடையிலும் செய்யப்போய் மாட்டிக்கொண்டேன். குளிர்விப்பது நின்ற பிறகும் ஃபேன் ஓடினால், காயிலில் ஒட்டியிருக்கும் தண்ணீர் மறுபடி ஆவியாகி வீட்டுக்குள் வருகிறது. பத்து டாலர் ஈரப்பதமானியில் 50 இருந்த எண் 58க்குப் போனது. தூசியில் வாழும் நுண்பூச்சி, டஸ்ட் மைட், ஈரக்காற்றை வைத்தே பிழைக்கிறது. 50 சதவீதத்துக்குக் கீழே வைத்தால் அதற்குக் கஷ்டம். ஆகவே கோடையில் ஃபேன் ஆட்டோவில் (ஏசி ஓடும்போது மட்டும் சுற்றும்), குளிர்காலத்தில் சுற்றவிடு. இந்த ஒரு வரியை யாராவது 2019இலேயே சொல்லியிருக்கலாம்.

டஸ்ட் மைட்டுக்கு ஃபில்டரை நம்பவே வேண்டாம். அதன் கழிவு கனமானது. படுக்கையை உதறினால் எழும்பும், சில நிமிடத்தில் மெத்தையிலேயே இறங்கிவிடும். சீலிங் கிரில் வரைக்கும் எங்கே வரப்போகிறது? அதற்கு மெத்தைக்கும் தலையணைக்கும் ஜிப் உறையும், வாரம் ஒருமுறை 130 டிகிரி ஃபாரன்ஹீட் சுடுதண்ணீர்த் துவைப்பும்தான்.

ஃபர்னஸ் பற்றிச் சொல்ல அதிகமில்லை. நவம்பரில் முதல் தடவை போடும்போது கருகிய தூசி வாடை ஒரு மணி நேரம் வரும். அன்று ஜன்னலைத் திறந்துவைக்கிறோம். கடும் குளிரில் வீட்டுக் காற்று 28 சதவீதம் வரை வறண்டு, பையனுக்கு மூக்கில் ரத்தம் வந்தது. படுக்கையறையில் ஈரப்பதம் கூட்டும் சின்ன ஹ்யூமிடிஃபையர் வைத்தோம், 40 சதவீதத்தைத் தாண்டாமல்.

2023இல் மதுரையிலிருந்து அம்மா வந்திருந்தபோது, "வீட்டைப் பூட்டிப் பூட்டி வெச்சுத்தாண்டா உங்களுக்கு இந்தத் தும்மல், நாலு ஜன்னலைத் தொறந்து போடு" என்று தினமும் சொல்லுவார். பிப்ரவரியில் ஒரு நாள் நாங்கள் வேலைக்குப் போனதும் திறந்தும் போட்டார். சாயங்காலம் அவர்தான் முதலில் தும்மினார். ஆனால் அம்மா சொன்னதிலும் பாதி நியாயம் இருந்தது: எங்கள் அடுப்புக்கு மேலுள்ள ஹுட் புகையை வெளியே அனுப்பாமல் நம் முகத்திலேயே திருப்பி ஊதும் ரகம். மிளகாய் தாளித்தால் படுக்கையறை வரை இருமல். அதை வெளியே போகும் குழாயோடு மாற்றினோம்.

டக்ட் கிளீனிங் விற்க வந்த ஒரு கம்பெனி, புற ஊதா விளக்கோடு சேர்த்து 1,400 டாலர் சொன்னது. கேமராவில் டக்டின் உட்புறத்தைக் காட்டிப் பயமுறுத்தினார்கள். வழக்கமாக டக்டைச் சுத்தம் செய்வதை அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமையே பரிந்துரைப்பதில்லை; பூசணமோ எலியோ தூசி அடைப்போ இருந்தால்தான் தேவை. திருப்பி அனுப்பிவிட்டேன். அந்தப் பணத்தில் ஒரு பங்குக்குப் பையன் அறைக்கு, மிக நுண்ணிய துகளையும் பிடிக்கும் ஹெப்பா ஃபில்டர் உள்ள தனிச் சுத்திகரிப்பான் வாங்கினோம். கதவைச் சாத்திய ஒரு அறைக்கு, உண்மையைச் சொன்னால், ஆட்டிக்கில் உள்ள மொத்த ஏற்பாட்டையும்விட அதுதான் கைமேல் பலன் தந்தது.

சிடார் நாளில் நான் இன்னும் மாத்திரை போடுகிறேன். முன்பு இரண்டு மாதம் தினமும். போன சீசனில் வெளியே அதிக நேரம் இருந்த நாட்களில் மட்டும். பையன் இரவில் வாயைத் திறந்து தூங்குவதில்லை. ஒரே குறை, புதுப் பெட்டி ஆட்டிக்கில் இருப்பதால் ஃபில்டர் மாற்ற ஏணி போட்டு முட்டியில் தவழ வேண்டும். ஒன்பது மாதத்துக்கு ஒருமுறைதான் என்றாலும், அது ஆகஸ்டில் வராதபடி பார்த்துக்கொள்ளுங்கள். எனக்கு இந்தத் தடவை ஆகஸ்டில்தான் வருகிறது.