கல்லூரிப் பெண்கள் அணிக்கு சாஃப்ட்பால் ‘டீம் செட்’: எதை வாங்கலாம், எதைத் தொடவே வேண்டாம்

சாஃப்ட்பால் என்பது பேஸ்பாலின் சாயலில், பிச்சர் கீழ்வாக்கில் எறியும் பந்தை பேட்டர் மட்டையால் அடித்துவிட்டு ‘பேஸ்’ எனும் நிலைகளைத் தொட்டு ஓடும் ஆட்டம். கல்லூரியில் புதிதாக அதற்கு அணி தொடங்கும் பி.டி. மேடத்துக்குக் கடைக்காரர் முதலில் நீட்டுவது ‘டீம் செட்’. ஒரு டஜன் கிளவுஸ், ஒரு டஜன் பந்து, இரண்டு மட்டை, ஒரு கேட்சர் கிட் (பேட்டருக்குப் பின்னால் குந்தி உட்கார்ந்து பந்தைப் பிடிப்பவரின் கவசங்கள்), கான்வாஸ் பேஸ் எல்லாம் சேர்த்து ஒரே பில். பெரும்பாலும் மீரட், ஜலந்தர் சரக்கு. வேலூர் வெயிலிலும் இங்கத்திய கட்டாந்தரையிலும் ஒரு வருடம் அடிபட்டால் இந்தச் செட்டில் எது நிற்கும், எது போகும் என்பதைத்தான் இங்கே பார்க்கிறோம். முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம்: செட்டாக வாங்காதீர்கள். உருப்படி உருப்படியாக வாங்குங்கள். கையில் 100 ரூபாய் இருக்கிறதென்றால் 50 கிளவுஸுக்கு, 20 பந்துக்கு, 15 கேட்சர் கிட்டுக்கு, மிச்சம்தான் மட்டைக்கும் பேஸுக்கும்.

கடைக்காரர் இதற்கு நேர்மாறாகச் சொல்வார். மட்டைதான் கண்ணைப் பறிக்கும், விலையும் அதில்தான் ஏறும். ஆனால் புது அணி தோற்பது அடிக்க முடியாமல் அல்ல, பிடிக்க முடியாமல். ஷார்ட் ஸ்டாப் (இரண்டாம், மூன்றாம் பேஸுக்கு நடுவில் நிற்பவர்) கையில் விழுந்து தெறிக்கும் ஒரு பந்துக்கு எதிரணி இரண்டு பேஸ் ஓடிவிடும்.

“எங்களுக்குச் சொந்த மைதானமே இல்லை, கிளவுஸ் மட்டும் நல்லதாக இருந்து என்ன?” என்று கேட்பவர்களுக்கு அமெரிக்காவின் ஓக்லஹோமா பல்கலைக்கழக சாஃப்ட்பால் பயிற்சியாளர் பேட்டி காஸோவைச் சொல்லலாம். லாங் பீச் சிட்டி கல்லூரியில் பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்தவர், 1995 பருவத்தில் ஓக்லஹோமாவுக்கு வந்தபோது அணி விளையாடியது ரீவ்ஸ் பார்க் என்ற ஊர்ப் பொதுப் பூங்காவில். சொந்த மைதானம் 1998-ல்தான் வந்தது. 2000-ல் யு.சி.எல்.ஏ.வை 3-1 என்று வென்று முதல் தேசியப் பட்டம். பிறகு 2013, 2016, 2017. அதன்பின் 2021 முதல் 2024 வரை தொடர்ந்து நான்கு. அப்படி நான்கை வரிசையாக எடுத்த அணி வேறு இல்லை. 2023-ல் 61 வெற்றி, ஒரே ஒரு தோல்வி. காலையில் வாக்கிங் போகிறவர்களுக்கும் மாலையில் கிரிக்கெட் பையன்களுக்கும் நடுவே இடம் பிடித்துப் பயிற்சி கொடுக்கும் நம் ஊர் மேடங்கள் தெம்பாக நினைத்துக்கொள்ள வேண்டிய தொடக்கம் அது.

இனி கிளவுஸ். செட்டில் வருவது அநேகமாக ரெக்ஸின். பார்வைக்குத் தோல் மாதிரியே இருக்கும். மூக்கருகே கொண்டுபோனால் தெரிந்துவிடும். ஆம்பூர், பேரணாம்பட்டு, வாணியம்பாடிக்காரர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. மற்றவர்கள் வார் நுழையும் ஓட்டை ஒன்றைக் கொஞ்சம் விரித்து உள்ளே பாருங்கள். தோலென்றால் வெட்டு வாயில் நார் நாராகப் பின்னிக் கிடக்கும். ரெக்ஸினென்றால் மேலே மெல்லிய பிளாஸ்டிக் படலம், அடியில் துணி நெசவு, அவ்வளவுதான். பந்து வந்து மோதும் விசை கடைசியில் இழுப்பது இந்த ஓட்டைகளைத்தான். தோலின் நார் அந்த இழுவையை நாலு பக்கமும் பகிர்ந்துகொள்ளும். ரெக்ஸின் ஓட்டையிலிருந்தே கிழியத் தொடங்கும். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவிலுள்ள வெப் தொங்கிவிட்டால் பந்து உள்ளங்கையில் வந்து அடிக்கும். அப்படி நாலு முறை வலித்தால் அந்தப் பெண் தரையோடு வரும் பந்துக்கு முகத்தைத் திருப்பப் பழகிவிடுவாள். அந்தப் பழக்கத்தை மாற்ற ஒரு வருடம் போதாது.

ஆகவே மாட்டுத்தோல் கிளவுஸ். அளவு: பேஸ்களை ஒட்டி நிற்கும் இன்ஃபீல்டுக்கு 11.5 முதல் 12 அங்குலம், அதற்கு அப்பால் நிற்கும் அவுட்ஃபீல்டுக்கு 12.5 முதல் 13. பிச்சருக்கு 12, வெப் மூடியதாக. பந்தைப் பிடிக்கும் விரல் பிடியை அவர் மாற்றுவது பேட்டருக்குத் தெரியக் கூடாது. முதல் பேஸுக்கும் கேட்சருக்கும் தனி மிட் (விரல் விரலாகப் பிரியாத கிளவுஸ்) வேண்டும். கேட்சர் மிட்டின் அளவு வேறு கணக்கு, சுற்றளவில் சொல்வார்கள்; 33 அல்லது 34 அங்குலம். செட்டுகளில் இந்த இரண்டு மிட்டும் இருப்பதே இல்லை, பன்னிரண்டும் ஒரே அளவில் வரும். பதினைந்து பேர் அணிக்கு 12 கிளவுஸ், 2 மிட் போதும்.

ஆர்டரில் அதிகம் தவறுவது கைக் கணக்கு. வலக்கையால் எறிபவர் கிளவுஸை இடக்கையில் மாட்டுவார். அட்டையில் ‘ரைட் ஹேண்ட் த்ரோ’ என்று போட்டிருந்தால் அது இடக்கையில் மாட்டுவது. சிலர் வெறுமனே ‘ரைட்’ என்று ஆர்டர் கொடுக்க, பெட்டி முழுக்க வலக்கைக் கிளவுஸ் வந்து இறங்கும். “இடது கையில் மாட்டுவது 10, வலது கையில் மாட்டுவது 2” என்று எழுத்தில் கொடுங்கள். இடக்கைப் பெண் ஒருத்திகூட இல்லாவிட்டாலும் அந்த இரண்டை விடாதீர்கள். அடுத்த வருடம் ஒருத்தி வருவாள், கையில் கிளவுஸ் இல்லை என்று ஓரமாக நிற்பாள்.

புதுத் தோல் கிளவுஸ் அட்டை மாதிரி விறைப்பாக இருக்கும். “இது மூடவே மாட்டேங்குது மேடம்” என்று பெண்கள் திருப்பிக் கொடுப்பார்கள். குறை அதில் இல்லை. கிளவுஸுக்கென்று விற்கும் கண்டிஷனர், கிடைக்காவிட்டால் வாஸ்லின், சுண்டைக்காய் அளவு எடுத்துத் துணியில் தொட்டு, பந்து உட்காரும் குழியிலும் சுண்டுவிரல் பக்க மடிப்பிலும் வார்களிலும் மட்டும் தேய்க்க வேண்டும். ஒரு நாள் நிழலில் விட்டு, மறுநாள் குழியில் பந்தை வைத்து மரச் சுத்தியலால் நூறு தட்டு தட்டலாம். பிறகு தினமும் கால் மணி நேரம் கேட்ச். இரவில் குழியில் பந்தை வைத்து மூடி, பழைய சைக்கிள் டியூப் துண்டால் கட்டிவிட வேண்டும். இரண்டு மூன்று வாரத்தில் வழிக்கு வரும். தண்ணீரில் ஊறவைப்பதும் மாடி வெயிலில் காயவைப்பதும் தோலைக் கெடுக்கும். தேங்காய் எண்ணெய் வேண்டவே வேண்டாம். தோல் அதைக் குடித்துக் கனத்துத் தொங்கிவிடும். மேலே நம் செம்மண் புழுதி ஒட்டிப் பசையாகி, அதுவே வாரை அரிக்கும். ஏப்ரல், மே வெயிலில் ஆஸ்பெஸ்டாஸ் கூரை அறையில் கிளவுஸை அடைத்துவைத்தால் ஜூனில் மடிப்பெல்லாம் வெடித்திருக்கும். மழைக்காலத்தில் பூஞ்சை. இரண்டுக்கும் ஒரே வழி: மூட்டைக்குள் திணிக்காமல், பந்தை உள்ளே வைத்துக் காற்றோட்டமான அலமாரியில் அடுக்குவது.

பந்துக்கு வருவோம். கல்லூரி ஆட்டத்துக்கு 12 அங்குலப் பந்து. கடைக்குப் போகும்போது தையல் டேப் ஒன்று எடுத்துப் போங்கள். சுற்றளவு 30.2-லிருந்து 30.8 செ.மீ.க்குள், எடை 178-லிருந்து 198 கிராமுக்குள் இருக்க வேண்டும். செட்டுப் பந்துகளில் ஒரே டஜனுக்குள் எடை ஏறி இறங்கும். பிச்சருக்கு இது கொடுமை. காலையில் ஒரு பந்தில் ரைஸ் (மேலெழுவது போல் வரும் எறி) பழகி, மாலையில் பத்து கிராம் கூடுதலான இன்னொன்றில் எறிந்தால் விரல் எதை நம்பும்? தெருமுனை நகைக்கடையிலோ மளிகைக் கடையிலோ தராசில் ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்துவிடுங்கள், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். சிமெண்ட் தரையில் உருட்டியும் பாருங்கள். நேராக ஓடாமல் தள்ளாடினால் உள்ளே கரு உருண்டையாக இல்லை.

பந்தின் மேல் இரண்டு எண் அச்சிட்டிருக்கும். .47 என்றால் மணிக்கு 60 மைல் வேகத்தில் கெட்டியான பரப்பில் மோதவிட்டால் அந்த வேகத்தில் 47 சதவீதத்தோடு திரும்பும் என்று பொருள். 375 என்பது பந்தைக் கால் அங்குலம் அமுக்கத் தேவையான விசை, பவுண்டில். கல்லூரி அணிகள் ஆடும், வேகமாக எறியும் ஃபாஸ்ட் பிட்சுக்கு இந்த ஜோடிதான். .52, 300 என்று போட்டிருந்தால் அது மெதுவாக எறியும் ஸ்லோ பிட்ச் ஆட்டத்துப் பந்து. மலிவாகக் கிடைக்கிறது என்று வாங்கினால் பயிற்சி ஒரு பந்தில், போட்டி வேறு பந்தில் என்றாகிவிடும். எண்ணே இல்லாத பந்தை ‘டாஸ்’ போட்டு, அதாவது பக்கத்திலிருந்து மெல்லத் தூக்கிப் போட்டு, அடிக்க மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

நிறம் மஞ்சள், தையல் சிவப்பு. வெள்ளைப் பந்து இரண்டு நாளில் செம்மண் நிறமாகி, மாலை ஐந்தரைக்குப் பிறகு அவுட்ஃபீல்டில் கண்ணுக்கே தெரியாது. இன்னொன்று, பாலியூரித்தேன் கரு சூட்டில் இளகும். வெயிலில் நிறுத்திய காரின் டிக்கியில் மதியம் வரை கிடந்த பந்து அடித்தால் மந்தமாகப் போகும். பேட்டர்மேல் பழி விழும். பந்துப் பையை மரத்தடியிலேயே வையுங்கள். குறைந்தது 24 பந்து வேண்டும். ஒரு டஜனை வைத்துக்கொண்டு பயிற்சி கொடுத்தால் பாதி நேரம் முள்ளுச் செடியில் பந்து தேடுவதில் போகும்.

மட்டையில் அதிகம் யோசிக்க வேண்டியதில்லை. அலுமினியம், 33 அங்குலம், 23 அவுன்ஸ், அதாவது சுமார் 650 கிராம். புதிதாகப் பழகுபவருக்கு இந்த எடை சரி. பார்க்க வேண்டியது ஒன்றுதான்: சாஃப்ட்பால் மட்டை என்று சொல்லிப் பேஸ்பால் மட்டையைக் கொடுத்துவிடுவார்கள். சாஃப்ட்பாலில் விட்டம் 2.25 அங்குலத்தைத் தாண்டக் கூடாது. டேப்பைத் தடித்த பாகத்தில் சுற்றுங்கள், 18 செ.மீ.க்குள் இருந்தால் சரி, 20-ஐத் தாண்டினால் அது பேஸ்பால் மட்டை, நடுவர் வெளியே வைத்துவிடுவார். காம்போசிட் மட்டை (இழையும் பிசினும் சேர்த்துச் செய்தது) முதல் வருடத்துக்கு வேண்டாம். விலையும் அதிகம், விரிசல் விட்டால் ஒட்டவும் முடியாது. கிரிப் பிய்ந்தால் கிரிக்கெட் கிரிப் பொருந்தாது, டென்னிஸ் ஓவர்கிரிப் கச்சிதமாக உட்காரும்.

கேட்சர் கிட்டில் செட்டுக்காரர்கள் தருவது ஆண்கள் அளவு. மார்புக் கவசம் தோள்பட்டையில் தூக்கிக்கொண்டு நிற்கும், குனிந்தால் கழுத்தில் இடிக்கும். பெண்களுக்கென்று வெட்டிய கவசத்தைக் கேட்டு வாங்குங்கள். காலுக்கு முழங்கால் நடுவிலிருந்து கணுக்கால் வரை அளந்து சொல்ல வேண்டும். முழங்கால் பகுதி தனித்தனித் தட்டாக மடியாவிட்டால் குந்தி உட்கார முடியாது. கிரிக்கெட் கீப்பர் பேடு இதற்கு உதவாது. கிரிக்கெட் ஹெல்மெட்டும் வேண்டாம், தொண்டைக்கு மறைப்பு இல்லை. மாஸ்க்கின் கீழே தொங்கும் தொண்டைத் தகடு இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். 2017 இறுதித் தொடரின் முதல் ஆட்டத்தில் காஸோவின் அணி ஃப்ளோரிடாவை 7-5 என்று வென்றது. ஏழு இன்னிங்ஸ் ஆட்டம் 17 இன்னிங்ஸ் போனது, ஐந்து மணி நேரத்துக்கு மேல். கேட்சரின் வேலை எவ்வளவு நீளும் என்பதற்கு அது ஒரு அளவு. பொருந்தாத கவசத்தோடு நம் வெயிலில் ஏழு இன்னிங்ஸே நரகம்.

கான்வாஸ் பேஸ் கட்டாந்தரையில் வழுக்கும், கணுக்கால் பிசகும். ரப்பர் பேஸ் வாங்கி நீள ஆணியால் அடியுங்கள். முதல் பேஸுக்கு மட்டும் இரட்டை பேஸ். ஓடுபவர் ஆரஞ்சுப் பாதியை மிதிப்பார், பிடிப்பவர் வெள்ளைப் பாதியை. மோதல் அதிலேயே பெரிதும் குறையும். செட்டோடு தரும் நைலான் அளவுக் கயிறு இழுபடும், ஃபைபர் டேப்பால் அளங்கள். ஹோம் பிளேட்டின் பின்முனையிலிருந்து இரண்டாம் பேஸுக்கு 25.86 மீட்டர். அந்த இரு முனையிலிருந்தும் 18.29 மீட்டர் பிடித்தால் ஒன்றும் மூன்றும் தானாக விழும். பிச்சர் பலகை 13.11 மீட்டரில்.

பழுது பார்ப்பதில் நம் வட்டாரத்துக்கு இருக்கும் வசதி பல ஊருக்கு இல்லை. தோல் கிளவுஸில் முதலில் அறுவது வார்தான், தோல் அல்ல. செருப்பு, ஷூ தைப்பவரிடம் கொடுத்தால் மாற்றிவிடுவார். ஆனால் சொல்லிக் கொடுக்க வேண்டும்: ஷூ மேல்தோல் ஒன்றரை மில்லிமீட்டர்கூட இருக்காது, அது வாருக்குப் பற்றாது. சுமார் 5 மி.மீ. அகலம், 2 மி.மீ. கனம். வயிற்றுப் பக்கத் தோல் இழுபடும், முதுகுத் தோலில் நீளவாக்கில் வெட்டச் சொல்லுங்கள். பழைய வாரை உருவுவதற்கு முன் முன்பக்கமும் பின்பக்கமும் போட்டோ எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் வெப்பின் பின்னலைத் திரும்பக் கொண்டுவருவது பெரும் பாடு. இறுதியாண்டுப் பெண்கள் போகும் ஏப்ரலிலேயே வேலையை முடித்துவைத்தால், மூன்று வருடம் ஒருத்தி கையில் படிந்த குழியோடு அதே கிளவுஸ் ஜூனில் புதிதாக வருபவளுக்குக் கிடைக்கும். அவள் முதல் நாளே பந்து பிடிப்பாள்.